அட்டைக்குப் போன காசு

டயகம

அன்புத் தம்பி சுதாகரனுக்கு அக்கா சுதர்ஷினி எழுதுவது. இங்கே மழையைத் தவிர எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்க இன்றைக்கு மனம் வரவில்லை. கேட்காமல் எழுதினால் அம்மா ஏசுவார், அதனால் கேட்கிறேன்: சுகமா?

கொழும்பில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நம் பள்ளிக்கூடத்தின் ஐந்து வருடக் கணக்கைப் பார்த்தாயாம். பிள்ளைகள் குறைகிறார்களாம், கரும்பலகைக்கு வாங்கும் வெண்கட்டிச் செலவும் குறைகிறதாம், "அட்டைக்கு" என்ற செலவு மட்டும் வருடா வருடம் ஏறுகிறதாம். "இவ்வளவு அட்டையையும் எந்தச் சுவரில் ஒட்டினீர்கள்? இருப்பில் எத்தனை உள்ளன? பதில் இல்லாவிட்டால் பழைய மாணவர் சங்கம் இந்தச் செலவை வெட்டும்" என்று பள்ளிக்கூடத்துப் பொருளாளரான எனக்கே எழுதியிருக்கிறாய். அடேய்! அது சுவரில் ஒட்டுகிற அட்டை இல்லை, காலில் ஒட்டுகிற அட்டை! டயகமயில் பிறந்தவனுக்கு இது தெரியாதா?

நீ படித்த காலத்தில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பள்ளிக்கூட மலைப்பாதையோரம் புல்லு வெட்டினார்கள், அட்டையை விரட்ட ஒரு பிடி உப்பு போதும். இப்போ அந்த மலையைத் தோட்டம் கைவிட்டு, காடாப் போச்சு. காடு வளர வளர அட்டையும் பெருகுது, உப்புச் செலவு கூடாம என்ன செய்யும்? போன மாசம் முதலாம் தரத்துப் புள்ள நிஷாந்தி சப்பாத்தைக் கழட்டினா, சொக்ஸ் பூரா ரத்தம். "நாளைக்கு வரமாட்டேன் டீச்சர்"னு ஒரே அழுகை. இப்ப நாங்க வாசல்ல உக்காந்து ஒவ்வொரு காலுக்கும் உப்புத்தண்ணி போட்டுத்தான் உள்ள விடுறோம். அத வெட்டினீங்கன்னா மழை நாள்ல சின்னதுங்க லயத்து வீட்டோட நின்னுரும், படிப்பு அதோட போச்சு. பள்ளிக்கூட அதிபர் பயந்துபோய், "பேர மாத்தி எழுதிருவோமாம்மா?"ன்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். பொய்க் கணக்கா எழுதினோம், ஏன் மாத்தணும்? ஒரு எழுத்தையும் தொட மாட்டேன். இருப்பு எத்தனைன்னு கேட்டியே, வெறுங்காலோட வந்து நில்லு. தோட்டத்து ஆளுங்க காலையில வேலைக்கு வரிசையா நிக்கிற மாதிரி அதுங்களே பெரட்டுக்கு வந்து நிக்கும், பேரக் கூப்பிட்டு எண்ணிக்க. உங்க சங்கத்துக் காசு ஒரு சதமும் எங்களுக்கு வேணாம், போ!

பிரியந்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். முருகன் உனக்கு நல்ல புத்தியும், அது பிடிக்காவிட்டால் நாலு அட்டையும் தரட்டும்.

உன் அக்கா,
சுதர்ஷினி

பி.கு.: திருவிழாவுக்கு எப்படியும் வரத்தானே போறே. வர்ற வழியில பஜாருல ஸுஹைர் நானா கடையில ஒரு மூட்டை உப்பு வாங்கிட்டு வா, இங்க தீந்து போச்சு. காச உங்க சங்கமே குடுக்கட்டும். பில்லுல மட்டும் "அட்டைக்கு"ன்னு எழுத விட்டுராத, "சுகாதாரத்துக்கு"ன்னு போடச் சொல்லு.