மாப்பிள்ளை அனுப்பிய இரண்டு வரி

உ

நூம்பல்

பெங்களூரில் சீரும் சிறப்புமாக வசிக்கும் மூத்த மாப்பிள்ளை திரு. அருள்மொழி அவர்களுக்கு, மாமனார் வேம்புலி எழுதிக்கொள்வது. இங்கு நானும் ராணியும் உடம்பளவில் நலம். அங்கு நீங்களும் கிருஷ்ணப்பிரியாவும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன குறை, கெட்டதெல்லாம் இங்கேதானே கெட்டது. மாப்பிள்ளையைக் கோபித்து எழுதுவது மரியாதை இல்லை என்று ராணி பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தில் கோபம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

ஆடிக்கு அழைத்தோம், வந்தீர்கள், சந்தோஷம். வந்த மாப்பிள்ளைகள் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். நீங்கள் கை கழுவின ஈரம் காய்வதற்குள் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை அடியோடு துடைத்துவிட்டு, லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டீர்கள். “உலகமே சேந்து எழுதினது மாமா, காசே இல்ல, யார் வேணா திருத்தலாம்” என்றீர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் கெட்டுப்போனால் நான் யார் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுவது? போகும்போது தமிழ் கீபோர்டு வேறு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனீர்கள், அதற்கு அன்றைக்கு நான் நன்றிகூடச் சொன்னேன், அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சின்னவள் மோகனப்பிரியாவின் நிச்சயதார்த்தத்துக்கு அவள் பிறந்ததிலிருந்து இன்றுவரை உள்ள படங்களைக் கோத்து, ஐயப்பன்தாங்கல் மண்டபத்தில் பெரிய திரையில் ஓட்ட நானே வீடியோ செய்தேன். அப்பன் கையால் செய்ததாக இருக்கட்டும் என்ற ஆசை. வீட்டில் ஓட்டிப் பார்த்தால் படம் நகரும்போதெல்லாம் நடுவே குறுக்காக வெட்டு விழுந்து, மேல் பாதி ஒரு பக்கமும் கீழ் பாதி ஒரு பக்கமுமாக விலகுகிறது. உங்களைக் கேட்டேன். “படத்தைத் திரைக்கு அனுப்பற டிரைவர் புரோகிராம் கொஞ்சம் அவசரப்படுது மாமா, ஒரு படத்தைத் திரை முழுசா காட்டறதுக்குள்ள அடுத்ததைத் தள்ளுது, அது எழுந்திரிக்கும்போதே காதுல ரெண்டு வார்த்தை சொல்லி வெச்சுட்டா அடங்கிடும்” என்றீர்கள். அந்த வார்த்தைக்குக் கம்ப்யூட்டர் பாஷையில் பெயர் சுற்றுச்சூழல் மாறியாம். வேலப்பன்சாவடி லாரிப் புகையில் குடியிருப்பவனிடம் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிறீர்கள். கம்ப்யூட்டர் எழும்போது படிக்கிற ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்லி இரண்டு வரி அனுப்பினீர்கள். vblank_mode=3 என்ற முதல் வரி வெட்டை நிறுத்தும் என்றும், GALLIUM_HUD=fps என்ற இரண்டாவது வரி எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்டும் என்றும் சொன்னீர்கள்.

நிச்சயத்தன்று காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். கோப்பைத் திறந்து, எந்தக் காரியத்தையும் போல இதையும் முறைப்படி தொடங்கி, நீங்கள் அனுப்பியதை ஒரு புள்ளி பிசகாமல் அடித்து, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியை மூட்டை கட்டினேன். மாப்பிள்ளை சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது மாப்பிள்ளையையே சந்தேகப்படுவது மாதிரி என்று ஓட்டிப் பார்க்கவும் இல்லை. புத்தி.

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பையன் பாண்டியன் வீட்டார் எல்லோரும் முன்வரிசையில். முதல் படமே வெட்டு. குழந்தைக்குத் தலை இங்கே, உடம்பு அங்கே. காது குத்தியதில் காது தனி, குத்தினவர் கை தனி. பட்டமளிப்பில் கழுத்தோடு அறுந்துபோய் தலை மட்டும் சிரிக்கிறது. போதாததற்கு மூலையில் ஒரு கோடு மேலும் கீழும் துள்ளிக்கொண்டு ஓடுகிறது, பக்கத்தில் 58, 60, 57 என்று எண் மாறுகிறது. அது என் பெண் முகத்து மேலேயே ஓடுகிறது. பாண்டியனின் அத்தை ஞானம்மாள், அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம், எழுந்து நின்றுவிட்டார். “இன்னாங்க இது, பொண்ணு தல ஒரு பக்கம் கீது, கழுத்து ஒரு பக்கம் கீது? நல்ல நாள் அதுவுமா இன்னா காட்டறீங்க? அந்த ஓரத்துல ஈசிஜி மாரி ஓடிகினு கீதே, பொண்ணுக்கு நெஞ்சு நோவு ஏதாச்சும் கீதா? மறைக்காம சொல்லிடுங்க!” அவர் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தலைமாட்டில் இதே மாதிரிதான் ஓடியதாம். எண் காட்டுகிற அந்த இரண்டாவது வரியை எடுத்துவிடச் சொல்லி, லீவு கிடைக்காமல் பெங்களூரிலேயே தங்கிவிட்ட நீங்கள் அனுப்பிய செய்தி, ராணியின் கைப்பைக்குள் பட்டுத்துணியில் சுற்றிக் கிடந்த என் போனுக்கு அப்போதுதான் வந்திருக்கிறது.

தட்டு மாற்றவில்லை மாப்பிள்ளை. இதயத்துக்கு ஸ்கேன் எடுத்துக் காட்டினால்தான் தேதி பேசுவார்களாம். தினமும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பள்ளத்திலும் மேட்டிலும் வண்டி ஓட்டிப் போய் வருகிற பெண்ணுக்கு நெஞ்சு நோவாம்! “பையனுக்கு மொதல்ல எடுத்து காட்டுங்கடா” என்று கத்திவிட்டேன். கத்தியது தப்பு என்று ராணி சொல்கிறாள். மோகனப்பிரியா பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டாள், அதுதான் தாங்கவில்லை. பாண்டியனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. நான் ஆசையாகச் செய்த வீடியோவாலேயே அவள் கல்யாணம் நின்றுபோனால் நான் எந்த முகத்தோடு அவள் எதிரில் உட்கார்ந்து சோறு தின்பேன்? ஆகவே இந்த ஞாயிறே நீங்கள் புறப்பட்டு வந்து, உலகமே சேர்ந்து எழுதியதை உலகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பழைய கம்ப்யூட்டரை எனக்குத் தர வேண்டும். பிறகு முத்தாபுதுப்பேட்டைக்குப் போய் அந்த அம்மாவின் காலில் விழ வேண்டும். தீபாவளிக்கு அழைப்பதா என்பதை அதன் பிறகு யோசிப்போம்.

மற்றபடி உங்களுக்கும் கிருஷ்ணப்பிரியாவுக்கும் எல்லா நலமும் பெருகட்டும், கரண்டு போகாமல் இருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
வேம்புலி

பின்குறிப்பு: கவரை ஒட்டி ஸ்டாம்பும் ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். இன்று காலை மோகனப்பிரியா அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, “அப்பா, மொதோ வரில இன்னாப்பா இது?” என்றாள். புள்ளையார் சுழி என்றேன். பின்னே, சுழி போடாமல் ஒரு காரியத்தைத் தொடங்குவேனா? உங்கள் முதல் வரிக்கு முன்னால், அதே வரியில் போட்டிருந்தேன். அது என்ன பெயரென்று புரியாமல் கம்ப்யூட்டர் அந்த வரியையே தள்ளிவிட்டு, சுழி இல்லாத இரண்டாவது வரியை மட்டும் கேட்டு நடந்திருக்கிறது. அவள் சுழியை அழித்து, எண் ஓட்டுகிற வரியையும் எடுத்துவிட்டு ஓட்டினாள். ஒரு வெட்டு இல்லை. உடனே பாண்டியனைக் கூப்பிட்டாள். அவர் அத்தையையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஞானம்மாள் வீடியோவை முழுசாகப் பார்த்தார், கோளாறு எதனால் என்று கேட்டார், மோகனப்பிரியா உள்ளதைச் சொன்னாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “கம்ப்யூட்டர்லகூட சுழி போட்டுகினு ஆரம்பிக்கிற ஊடா இது? இங்க பொண்ணு எடுக்காம வேற எங்க போய் எடுக்கறது? தேதிய பாருங்க. இன்னாம்மா, சுழிய அழிச்சிட்டியா? அது ஆவாது, திரும்பப் போடு” என்றார். மோகனப்பிரியா அதைத் தனி வரியாகப் போட்டு, முன்னால் ஒரு # போட்டாள். அப்படிப் போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாதாம். புள்ளையார் கண்டுகொள்வார். ஞாயிறன்று வாருங்கள், காலில் விழ அல்ல, தட்டு மாற்ற. லினக்ஸ் இருக்கட்டும். இந்தக் கடிதத்தில் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடவும்.