சித்தர் பெயருக்கு என்ன கட்டு?

டமால்!

அஸ்தினாபுரம் மெயின் ரோட்டில் தெருநாய்கள் சிதறி ஓடின. பயப்பட ஒன்றுமில்லை. இன்னொரு வியாபாரியின் பெயர் கட்டப்பட்டுவிட்டது. பெயருக்கு ஒரு வெடி, அது சாம்பசிவ சித்தர் மடத்து வழக்கம்.

வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. பிரியாணிக் கடைக்காரர், டியூஷன் சென்டர்காரர், பியூட்டி பார்லர் அக்கா. கடையின் பெயரையும் விளம்பர வாசகத்தையும் சித்தர் செப்புத் தகட்டில் எழுதி, மஞ்சள் நூல் சுற்றி முடிச்சுப் போடுவார். அதன்பின் அந்தப் பெயரைத் திருடுகிறவனுக்கு வாய் கோணிக்கொள்ளும். டிரேட்மார்க் பதிவு, கட்டணம், காத்திருப்பு என்று அலைய வேண்டாம். நூல் மலிவு.

ஜெயஸ்ரீயும் கட்டியிருந்தாள். தோசை மாவு அரைத்து விற்கிறவள். பாக்கெட்டில் ‘மல்லிப்பூ மாவு’, அதன் கீழே ‘ஊத்தினா தோசை, மிஞ்சினா ஊத்தப்பம்’. குழந்தைகள்கூட அதைப் பாடிக்கொண்டேதான் கடையில் கேட்பார்கள்.

மூன்றே மாதத்தில் சிட்லபாக்கத்தில் இன்னொரு மல்லிப்பூ மாவு முளைத்தது. அதே பெயர், அதே வாசகம், புளித்த மாவு. வாங்கியவர்கள் ஜெயஸ்ரீக்குப் போன் செய்து திட்டினார்கள். கடைகள் ஒவ்வொன்றாக அவள் சரக்கை நிறுத்தின. நேரில் போய்ப் பார்த்தாள். அந்த ஆளின் சுவரிலும் அதே செப்புத் தகடு, அதே மஞ்சள் நூல். வாய் நேராகவே இருந்தது, சிரிக்கும்போதுகூட.

மாடி வீட்டு ஹெப்சியை அழைத்துக்கொண்டு மடத்துக்கு ஓடினாள்.

“சாமி, அவனுக்கும் நீங்களேதான் கட்டியிருக்கீங்க!”

“அதனாலதான் அவன் வாய் கோணல, கண்ணு,” என்றார் சித்தர், இமைக்காமல். “நீ இரட்டைக் கட்டு போட்டுக்கோ. அவன் கட்டு அவுந்துடும்.”

வரிசை தலையாட்டியது. தர்க்கம் வலுவானதுதான். ஜெயஸ்ரீ பர்ஸைத் திறந்தாள்.

வங்கியில் வேலை பார்க்கும் ஹெப்சி அவள் கையைப் பிடித்தாள். “மூடுங்கக்கா. இவர் பேரை ஒருத்தர் எடுத்தா என்ன ஆகுதுன்னு முதல்ல பார்ப்போம்.”

“சாமி பேரையா? கை காலே விளங்காமப் போயிடும்டி!”

“போனா போகட்டும். மெடிக்கல் லீவு மிச்சம் இருக்கு.”

அடுத்த செவ்வாய் மடத்துக்கு எதிரே ஒரு மேஜையும் பேனரும் முளைத்தன. ‘சாம்பசிவ சித்தர் பெயர்க்கட்டு மையம். கட்டினா கட்டினதுதான்!’ பெயரும் வாசகமும் எழுத்துப் பிசகாமல் சித்தருடையவை. கீழே ‘இன்று இலவசம்’ என்பது மட்டும் ஹெப்சியின் சொந்தக் கற்பனை.

வரிசை ஒரு கணம் தயங்கியது. பிறகு பாதி வரிசை ரோட்டைக் கடந்தது. பக்தி வேறு, இலவசம் வேறு.

சித்தர் பாய்ந்து வந்தார். “ஏம்மா, யார் பேர்ல கடை போட்டிருக்கே?”

“உங்க பேர்லதான் சாமி. வாய் கோணுதான்னு பார்க்க உக்காந்திருக்கேன். ரெண்டு வடை தின்னாச்சு, நேராத்தான் இருக்கு.”

“கோண வைங்க சாமி, நாங்களும் பாக்குறோம்,” என்றார் பிரியாணிக் கடைக்காரர்.

சித்தர் கண்ணை மூடி முணுமுணுத்தார். கூட்டம் ஹெப்சியின் உதட்டையே பார்த்தது. அவள் மூன்றாவது வடையை எடுத்தாள். மூளையைத் தகட்டில் சுற்றிக் கட்டிவிட்டு வந்திருந்த ஊர், முதல்தடவையாக முடிச்சை அவிழ்த்துப் பார்த்தது. யோசிப்பதற்குக் கட்டணம் கிடையாது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

ஜெயஸ்ரீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “என் பொழைப்பையே நூல்ல கட்டிக் குடுத்தீங்களே. உங்க பேருக்குக் கட்டு போடலியா சாமி?”

“எதுக்குப் போடணும்?” சித்தர் ஹெப்சியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினார். “அதை நான் எப்பவோ டிரேட்மார்க் ரெஜிஸ்டர் பண்ணியாச்சு, நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும் பாரு!”