கைகட்டி டீச்சர்

உதவி செய்யாமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கைகட்டி டீச்சர். அவருடைய முழுப்பெயர் எந்த அமெரிக்கர் வாயிலும் நுழையவில்லை. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

எண்பதுகளில் நான் நியூ ஜெர்சியில் சிறப்புப் பள்ளி ஆசிரியை. குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஏ, பி, சி சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, பள்ளியை விட்டுப் போகும்போது ஒரு வேலையிலும் நிற்க வைக்க வேண்டும் என்று அங்கே அப்போதுதான் ஞானம் பிறந்திருந்தது. அதை எப்படிச் செய்வது என்று ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்க, பாளையங்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தவர் டீச்சர். வகுப்பில் அவரும் நானும் தமிழ். மற்றவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள்.

முதல் நாளே பையிலிருந்து பழைய சேலைக் கிழிசல்களை எடுத்தார். வரிசையாக எங்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டினார். தூண் மாதிரி இருந்த உடற்பயிற்சி ஆசிரியர்கூட வாயைத் திறக்காமல் கையைக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு என் மாணவி சுஜாதாவைக் கூப்பிட்டு, கோட்டுக்குப் பட்டன் போடச் சொன்னார்.

சுஜாதா பக்கத்து ஊரான பார்சிப்பனியில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். எதையும் கற்றுக்கொள்ள நம்மைவிட நிறைய நேரம் எடுப்பாள். அதனால் அவளுக்கு வீட்டில் அம்மா பட்டன் போடுவார், பள்ளியில் நான் போடுவேன். நம்மவர்கள் கை சும்மா இருக்குமா? "குடு கண்ணா, நான் பண்ணிடறேன்" என்பதுதானே நமக்குத் தேசிய கீதம்!

அன்று அவள் முதல் பட்டனைப் போட்டு முடிப்பதற்குள் மெட்ராஸிலிருந்து ஏர்மெயில் வந்து, நான் பதிலும் போட்டிருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"டீச்சர், பாவம் டீச்சர், ஒரே ஒரு பட்டன்..."

"நீ போட்டா அது உன் பட்டன். சும்மா நில்லுட்டி!"

அவளாகவே எல்லாப் பட்டனையும் போட்டாள். ஒன்று மட்டும் ஓட்டை மாறியிருந்தது. டீச்சர் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் மாதிரி குதித்தார்.

பாதியில் யாராவது உதவிக்கு வந்தால் தொலைந்தார்கள். கோழியை விரட்டுவதுபோல் புறங்கையை வீசி, "யூ கோ! சீ யுவர் ஒர்க்!" என்பார். பள்ளி முதல்வரையே அப்படி விரட்டியிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் சுஜாதா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவர் தனக்கும் உதவி வாங்க மாட்டார். பனி கொட்டும் ஒரு மாலையில் பஸ்ஸுக்கு நின்றவரிடம் காரை நிறுத்தி, "ஏறுங்க டீச்சர், டிராப் பண்றேன்" என்றேன். "நான் கேட்டனா?" என்றார். கோபத்தில் கிளம்பிப் போய்ப் பனிக்குவியலில் காரைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய பஸ் என்னைக் கடந்து போனது. ஜன்னலில் டீச்சர் கையை ஆட்டிக்கொண்டே போனார். மறுநாள் சண்டைக்குப் போனேன்.

"நீ கேட்டியாட்டி?" என்றார் நிதானமாக.

மாணவியை ஒரு வேலைக்கு அனுப்பும் முன் ஆசிரியை அந்த வேலையைச் செய்து பார்த்திருக்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த சட்டம். என்னை ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்க விட்டார். இரண்டாம் நாளே, ரொம்ப ஸ்லோ என்று சொல்லி மேற்பார்வையாளர் ஃப்ராங்க் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பி.எட். படித்தவள் அழுதுகொண்டு வந்து நிற்கிறேன், டீச்சர் கேசரி கிண்டி வகுப்புக்கே விநியோகம் செய்கிறார்! "இப்பந்தான் உனக்கு வேலைன்னா என்னன்னு தெரியுது. இனிமே நீ சொல்லிக் குடுக்கலாம்."

அதே இடத்துக்குத்தான் சுஜாதாவை வெள்ளோட்டத்துக்கு அனுப்பினோம். ஜூனில் அவளுக்கு இருபத்தொரு வயது. அதோடு பள்ளிக்கூடக் கதவு மூடிவிடும். இந்த வேலை கிடைக்காவிட்டால் வீட்டு சோஃபா, டிவி, அவ்வளவுதான். அம்மா தவித்துப் போனார்.

"நானும் வந்து ஓரமா நின்னு மடிச்சுக் குடுத்துடறேனே டீச்சர். யாருக்கும் தெரியாது."

"நீங்க போயி உங்க சோலியப் பாருங்கம்மா. அவ செய்வா."

செய்தாள். மூலைக்கு மூலை சேர்த்து, தடவித் தடவி அழகாக மடித்தாள். ஆனால் ஃப்ராங்க் எட்டிப் பார்க்கும் போதெல்லாம் துண்டைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றாள். பெரியவர்கள் வந்தால் செய்கிற காரியத்தை நிறுத்திவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும் என்று அம்மா அருமையாக வளர்த்திருந்தார். ஃப்ராங்க் கண்ணில் பட்டதெல்லாம் சும்மா நிற்கிற பெண்தான். வெள்ளிக்கிழமை கடைசியாகப் பார்த்துவிட்டு முடிவு சொல்வேன் என்றார்.

"நான் போய் அவர்கிட்ட எக்ஸ்பிளெயின் பண்றேன் டீச்சர்."

"இன்னைக்கு நீ சொல்லுவ. நீ இல்லாத அன்னைக்கு யாரு சொல்லுவா? அவகிட்டச் சொல்லு."

சொன்னோம். யார் வந்தாலும் மடிப்பதை நிறுத்தாதே என்று தினமும் சொன்னோம். சுஜாதா கண்ணை விரித்து, "பட் ஹி இஸ் ஓல்ட்!" என்றாள். ஃப்ராங்க் காதில் விழாதது நாங்கள் செய்த புண்ணியம்.

வெள்ளிக்கிழமை வந்தது. சலவைக்கூட வாசலில் டீச்சர் என்னிடம் சேலைக் கிழிசலை நீட்டித் திரும்பி நின்றார். "என் கையக் கெட்டு. இறுக்கிக் கெட்டு. இன்னைக்கு என்னைய நம்ப முடியாது." அவருக்கும் கை அரிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஃப்ராங்க் வந்து மேஜை முன்னால் நின்றார். சுஜாதா துண்டை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். இயந்திரத்திலிருந்து துண்டுகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. ஃப்ராங்க் உதட்டைப் பிதுக்கினார். நான் அவளிடம் ஓடப் பார்த்தேன். டீச்சர் குறுக்கே காலை நீட்டித் தடுத்தார்.

சுஜாதா குவியலைப் பார்த்தாள். ஃப்ராங்கைப் பார்த்தாள். கட்டிய கையை அவிழ்த்து, கோழியை விரட்டுவதுபோல் புறங்கையை வீசினாள்.

"சார், யூ கோ! சீ யுவர் ஒர்க்!"

ஃப்ராங்க் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே வெளியே போய், கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அப்புறம் பார்க்க வேண்டுமே எங்கள் பெண்ணை! பத்து வருஷம் துண்டு மடித்தே வளர்ந்தவள் மாதிரி மடித்துத் தள்ளினாள். மேஜை மேல் வெள்ளைச் சுவர் எழும்பியது.

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். என்னையே வேலை பார்க்கச் சொல்கிற ஒருத்தி இங்கே தேவைதான்" என்றார் ஃப்ராங்க் ஆங்கிலத்தில்.

எங்கள் பெண் ஜெயித்துவிட்டாள்! நான் கத்திய கத்தலில் சலவை இயந்திரங்களின் சத்தமே அடங்கிப் போயிருக்கும். திரும்பிப் பார்த்தால், டீச்சரின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிகிறது. கை பின்னால் கட்டிக் கிடக்கிறது.

"ஏட்டி, என்ன சும்மா பாத்துக்கிட்டு நிக்க? கண்ணத் தொடச்சு விடு."

"டீச்சர்!"

"அதான் கேட்டுட்டேம்லா!"

முந்தானையால் துடைத்துவிட்டேன். அந்த மனுஷி என்னிடம் கேட்ட உதவி அது ஒன்றுதான். இன்னும் நாலு கேட்டிருக்கலாம்.