கல்யாண டிஸ்க்குக்கு வார்னிஷ் அடித்த விவரம்

திருவிடைமருதூர்,
9.2.2003

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை குணசேகரன் அவர்களுக்கு, மாமனார் வைரக்கண்ணு ஆசீர்வாதம் செய்து எழுதுவது. மகாலிங்க சுவாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். துபாயில் உங்கள் சௌக்கியத்தையும், உங்கள் மேனேஜருடைய கம்ப்யூட்டரின் சௌக்கியத்தையும் அறிய ஆவல்.

கல்யாண வீடியோ டிஸ்க் அந்த மிஷினுக்குள் மாட்டிக்கொண்டது, பிடுங்கியபோது மஞ்சள் தூளும் பதரும் கொட்டின, மேனேஜர் வாயில் வந்தபடி பேசினார் என்று போனில் சொன்னீர்கள். கல்யாணத்தைக் கண்ணால் பார்க்காமல் குடும்பக் குவார்ட்டர்ஸ் தரமாட்டேன் என்கிற மனுஷன் பேசாமல் இருப்பாரா? ஊரே கூடி அட்சதை போட்டது, முந்நூறு இலை விழுந்தது, அதெல்லாம் செல்லாதாம், ஒரு வட்டத் தகடு சாட்சி சொன்னால்தான் செல்லுமாம். "மாசக் கடைசிக்குள்ள வேற டிஸ்க் வரலைன்னா குந்தவை வர்றது ஒரு வருஷம் தள்ளிப் போயிடும் மாமா" என்று நீங்கள் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் மேல் எள்ளளவும் தப்பில்லை.

வீடியோக் கடை முபாரக், மேல்பக்கத்தில் உங்கள் இருவர் படத்தையும் பிரிண்ட் போட்டு, ஈரம் பட்டால் மை கரையும் என்று டப்பாவிலிருந்து புஸ்ஸென்று வார்னிஷ் அடித்து அம்சமாகத்தான் கொடுத்தான். உங்கள் மாமியார் விட்டாளா? "கல்யாண சமாச்சாரம் மஞ்ச தடவாம வாசலைத் தாண்டலாமா? பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் தடவுனோம்ல?" என்றாள். வட்டத்துக்கு மூலை ஏது? நாலு திசை பார்த்து வைக்கச் சொன்னாள். மேல்பக்கம் வைத்தால் ஒரு பொட்டு நேராக உங்கள் மூக்கில் விழுகிறது. மாப்பிள்ளை முகத்தை மறைப்பது மரியாதையா? அதனால் அடிப்பக்கம், பளபளவென்று காலியாகக் கிடந்த இடத்தில் வைத்தேன். காய்ந்ததும் மஞ்சள் உதிர்ந்தது. அபசகுனம் என்று இவள் கண்ணைக் கசக்க, மையைக் காப்பாற்றுகிற வார்னிஷ் மஞ்சளைக் காப்பாற்றாதா என்று, கதவுக்கு வாங்கியதில் மிஞ்சிய வார்னிஷை மண்ணெண்ணெயில் கலக்கி, வயலுக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் ஊற்றி அடித்து, களத்தில் காயவைத்தேன். அன்றைக்குப் பார்த்துப் பக்கத்துக் களத்துத் துரைராசு நெல் தூற்றுகிறான். "யோவ், கொஞ்சம் நிறுத்துய்யா, துபாய் சமாச்சாரம் காயுது!" என்று கத்தினேன். "காத்து நின்னுபோனா நீங்களா வந்து ஊதுவீங்க?" என்கிறான். பதர் அத்தனையும் வந்து அப்பிக்கொண்டது. பிய்த்தால் மஞ்சளும் கூட வரும் என்று மேலே இன்னொரு கோட்டிங் அடித்து அமுக்கினேன். அந்தப் பக்கத்தில்தான் வீடியோப் படம் இருக்கிறது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட எனக்குச் சொல்லவில்லை. இப்போது முபாரக் கடையில் மிஷின் ரிப்பேராம். எனவே குவார்ட்டர்ஸை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

உங்களுக்குச் சகல சம்பத்தும் பெருகட்டும். மேனேஜர் வீட்டாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வைரக்கண்ணு

பின்குறிப்பு: மேலே உள்ளதை உங்கள் மாமியார் மங்களாம்பிகைக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது, அதனால் அப்படி எழுதினேன். அவள் இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறாள். முபாரக் மிஷினுக்கு ஒரு கேடும் இல்லை. "மாமா, பளபளன்னு இருக்குற பக்கத்துலதான் படம் இருக்கு, வெரல்கூடப் படக்கூடாது" என்று மூன்று தடவை சொன்னான். காதில் நன்றாகவே விழுந்தது. இரண்டாவது கோட்டிங் பதருக்காக அடித்ததும் இல்லை. முதல் கோட்டிங்கோடு நம் வீட்டுப் பிளேயரில் போட்டுப் பார்த்தேன், பாழாய்ப்போனது தாலி கட்டுகிற வரைக்கும் ஓடியது, அதனால்தான் இன்னொரு தடவை அடித்தேன். மாப்பிள்ளை, எனக்குப் பிள்ளை என்று குந்தவை ஒருத்திதான். ஒரு வருஷம் தள்ளினால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்துவிட்டேன். நேற்றுக் குந்தவை பெட்டியில் அடுக்கியிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் பீரோவில் வைத்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. முபாரக்கிடம் புதிதாகப் போட்டு வாங்கிய டிஸ்க் இத்துடன் இருக்கிறது, இரண்டு பக்கமும் சுத்தம். தபாலாபீசுக்கு இப்போதே கிளம்புகிறேன். நாளைக்கு என்றால் என்னை நம்ப முடியாது.