இருபத்து நாலு இடுப்பும் ஒரு பட்டமும்

யோக்யகர்த்தா,
வியாழன் மாலை

மாலாங்கில் வாழும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சுமினி அக்காவுக்குத் தம்பி பொனிமான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் விதுரியும் இறைவன் கருணையால் சுகம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மாதானே இருக்கிறாய், மூன்று மாதம் இங்கே வந்து தங்கு என்று எழுதியிருந்தாய். வர வழியில்லை அக்கா. நான் சும்மா இல்லை. ஆராய்ச்சியில் இருக்கிறேன்.

விதுரி முதுகலை படிக்கிறாள் அல்லவா, உடல்நலம், சத்துணவு, உடற்பயிற்சி மூன்றும் சேர்ந்த படிப்பு. "திங்கறதுக்கும் கை காலை ஆட்டறதுக்கும் எதுக்குடா ஒரு பட்டம்?" என்று நீகூடக் கேட்டாய். ஐம்பத்தைந்து தாண்டிய இருபத்து நாலு பேர், பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று காலை உடற்பயிற்சி செய்ய வேண்டும், தினம் சாப்பிட்டதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும், இடுப்பு குறைகிறதா என்று அவள் அளந்து ஆய்வேடு எழுத வேண்டும். ஆள் கிடைக்காமல் தவித்தாள். ஒரே மாலையில் நம் தெருவிலேயே இருபத்து நாலு பேரைப் பிடித்துக் கொடுத்தவன் நான். என் பழைய ரயில் விசிலைத் தேடி எடுத்து, பயிற்சிக்கு ஊதும் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன். இறகுப்பந்து மைதானத்தில் நடத்துவதாக அவள் சொன்னாள். நான்தான், மாதச் சீட்டுக் கூட்டம் போல முறை வைத்து வீடு வீடாகச் சுற்றலாம், அப்போதுதான் ஒருவரும் மட்டம் போடமாட்டார்கள் என்று யோசனை சொன்னேன். ஒருவரும் மட்டம் போடவில்லை. முதல் வீட்டில் பயிற்சி முடிந்ததும் இனிப்புத் தேநீர் மட்டும் கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டில் தேநீரும் வாழைப்பழ பஜ்ஜியும். மூன்றாவது வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்பே பஜ்ஜி சேர்ந்தது. எட்டாவது வாரத்தில் வாழையிலையில் கோழி வைத்துச் சுருட்டிய லெம்பெர், வெல்லம் வைத்த கிளெப்போன் உருண்டை, கருப்பு அரிசிக் கஞ்சி என்று ஒரு கல்யாண வீடே நடந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சி இவ்வளவு சிறப்பாக நடக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

போன திங்கட்கிழமை அவள் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஹெந்தார்தோ நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு விதுரியைக் கூப்பிட்டிருக்கிறார். "உங்க தெருக்காரங்க காலையில ஒண்ணும் சாப்பிடறதில்ல, மத்தியானம் ஒரு கை சோறும் கீரையும், அதோட சரி. இப்படிச் சாப்பிட்டா மனுஷன் ஒட்டடைக்குச்சியாயிடுவான். ஆனா எல்லாருக்கும் இடுப்பு மூணு சென்டிமீட்டர் ஏறியிருக்கு. நீங்க வீட்ல உக்காந்து எழுதின கணக்கும்மா இது." வெள்ளிக்கிழமைக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் ஆய்வு ரத்து, படிப்பும் அதோடு போச்சு. அவள் அம்மா இறந்த நாளில்கூட என் எதிரில் அழாத பெண், குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி அழுதாள் அக்கா.

விடுவேனா? நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு முதலில் இருபத்து நாலு பேரில் ஒருவரான ஜுமிரா அம்மா வீட்டுக்குப் போனேன்.

"போன வாரம் எங்க வீட்ல ஆறு கிளெப்போன் சாப்பிட்டீங்களேம்மா, நோட்டுல காணோமே?"

"அது நான் சாப்பிட்டதா? நீ குடுத்தே. வேணாம்னா உன் மனசு சங்கடப்படுமேன்னு வாயில போட்டுக்கிட்டேன். அது எப்படித் தம்பி என் கணக்குல வரும்?"

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. அடுத்தடுத்த வீட்டிலும் இதே பதில். விதுரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதை எழுதிக் குடுத்தா சார் நம்புவாராப்பா?" என்றாள். "எழுதறது எதுக்கு? ஆளையே கூட்டிட்டு வா," என்றேன்.

இன்று காலை ஜுமிரா அம்மா வீட்டு முறை. பேராசிரியர் விறைப்பாக வந்தார். எனக்கு ஒன்றும் வேண்டாம், ஆய்வைப் பார்க்க மட்டும் வந்தேன் என்றார். ஜுமிரா அம்மா தட்டோடு எதிரே நின்று, "நாலு மணிக்கு எழுந்து செஞ்சது சார். பரவாயில்ல," என்று ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். அப்புறம் பேராசிரியர் தின்ற மும்முரத்தில் நான் விசில் ஊதியதுகூட அவர் காதில் விழவில்லை. ஒன்பது மணிக்கு விதுரி ஒரு புது நோட்டை நீட்டி, "காலையிலேர்ந்து சாப்பிட்டதை நீங்களும் எழுதிக் குடுங்க சார்," என்றாள். அவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்: வீட்டில் ஒரு காப்பி, சர்க்கரை இல்லாமல். அவர் சாப்பிடச் சாப்பிட எண்ணிக் குறித்திருந்த தன் தாளை விதுரி அவர் முன் வைத்தாள். கிளெப்போன் ஐந்து, லெம்பெர் இரண்டு, தெம்பே பஜ்ஜி நாலு, கஞ்சி ஒரு கிண்ணம், இனிப்புத் தேநீர் இரண்டு. அவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"அது... அவங்க குடுத்தது," என்றார்.

இருபத்து நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பஜ்ஜி புரையேறிவிட்டது. "நீங்க பொய் எழுதலம்மா. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன். இந்த எட்டு வாரத்தை ஒரு அத்தியாயமா எழுதுங்க, அப்புறம் புதுசா பன்னிரண்டு வாரம் தொடங்குங்க," என்றார். என் மகள் படிப்பு பிழைத்தது அக்கா. இதெல்லாம் என் முயற்சி என்று தெருவே பேசுகிறது. இந்த நிலையில் என்னை நம்பியிருக்கும் ஆராய்ச்சியை விட்டுவிட்டு அங்கே எப்படி வருவேன், நீயே சொல்.

அத்தானுக்கு என் சலாம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க ஐந்து வேளையும் துஆ செய்யும் தம்பி,
பொனிமான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது விதுரி வந்து பேராசிரியரின் அனுமதிக் கடிதத்தைக் காட்டினாள். நிபந்தனை இரண்டு. பயிற்சி இனி இறகுப்பந்து மைதானத்தில்தான். ஆய்வாளரின் தந்தை பன்னிரண்டு வாரமும் வெளியூரில் இருக்க வேண்டும். விசிலை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை மாலாங் ரயிலுக்கு டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டாள். எனக்காக விசேஷமாக எதுவும் செய்யாதே அக்கா, நான் சாப்பிடுவது மிகவும் குறைவு. நீயாகக் கொடுத்தால் அது வேறு.