வீரையன் நிமிர்ந்து நடந்த படலம்

வாழ்க வீரையனின் வலக்கால். கடைமடை வரை காவிரி பாயும் வயல்களில் ஆண்டெல்லாம் சேறு மிதித்த செழுங்கால். கொடி பிடித்து மயிலாடுதுறைக் கடைத்தெருவைப் புழுதி பறக்க வைத்த வீரக்கால். கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டித் தரும்வரை மிராசுதார் வாசலில் பொழுதெல்லாம் பெயராமல் நின்ற பிடிவாதக்கால். பின்னொரு தை மாதத்து நண்பகலில், தார்ச்சாலையில் காயப்போட்ட நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தபோது, மூட்டை சுமந்து முழங்கி வந்த லாரியோடு தனித்துப் பொருது முறிந்த தியாகக்கால். அதன் பெருமையை ஆயிரம் நாவிருந்தாலும் பாடி முடியாது. எனக்கு இருப்பது ஒன்று, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்த லாரிக்கு உடையவர் சாரங்கபாணி. எந்த வாசலில் வீரையன் நின்றாரோ அந்த வாசலுக்குரிய மிராசுதாரின் மகன். உச்சவரம்புச் சட்டம் வந்து நிலத்தில் பாதி போனதாகக் காகிதம் சொல்ல, மீதியைக் கொண்டு ரைஸ்மில் கட்டியவர். அவருடைய தகப்பனார் முன்னால் வீரையனின் தகப்பன் துண்டை இடுப்பில் கட்டி, முதுகை வளைத்து, ஓரமாகத்தான் நடப்பார். அந்தத் துண்டைத் தோளுக்கு ஏற்றியவர் நம் வீரையன். அன்றிலிருந்து அந்த வீட்டார் எதிரே அவர் குனிந்ததே இல்லை. கீழே விழுந்த காசைக்கூட அவர்கள் போன பிறகுதான் எடுப்பார்.

கம்பி வைத்து எலும்பு கூடியது, முழங்கால் முழுதாக மடங்கவில்லை. தடியில்லாமல் நாலடி வைத்தால் உயிர் போய் உயிர் வரும். இனிச் சேற்றில் இறங்க முடியாது. இழப்பீடு வந்தால் இரண்டு கறவை மாடு வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று மனைவி காத்தாயி கணக்குப் போட்டிருந்தாள். கொட்டில் போடக் கீற்றுகூட முடைந்து வைத்துவிட்டாள். ஆனால் லாரிக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்த கம்பெனியின் வக்கீல், டாக்டர் சர்டிபிகேட் காசுக்கு வாங்கியது என்று முழங்கினார். அப்படியானால் ஆளே வந்து நடந்து காட்டட்டும் என்றார் நீதிபதி.

போர்நாளுக்கு முந்தின மாலை வீரையனின் வக்கீல் கண்ணுசாமி, வியூகம் வகுத்த பெருந்தளபதியின் முகத்தோடு சொன்னார்: "நீங்க ஒண்ணும் நடிக்க வேண்டாம் வீரையன். வீட்டுல எப்படி நடக்குறீங்களோ அப்படியே நடந்து வாங்க. அது போதும்."

இவ்வுலகில் எத்தனையோ போர்கள் பொய்யால் வெல்லப்பட்டிருக்கின்றன. உள்ளதை உள்ளபடி காட்டினாலே வெற்றி என்று ஒருவனுக்கு வாய்ப்பது அரிது. அந்த அரிய வாய்ப்பு வீரையனுக்கு வாய்த்தது.

மறுநாள் டவாலி வாசலில் நின்று பேரைச் சொல்லி மும்முறை அழைக்க, கறுப்பங்கிப் பெரும்படை இருமருங்கும் அணிவகுத்திருக்க, மின்விசிறிகள் சாமரம் வீச, தடியூன்றிப் புகுந்தார் வீரையன். ஓர் அடி வைத்தார்; கால் இழுத்தது. மறு அடி வைத்தார், பல்லைக் கடித்தார். கம்பெனி வக்கீலின் முகம் வாடியது. கண்ணுசாமியின் மீசை மலர்ந்தது. கதவோரம் நின்ற காத்தாயி மனதுக்குள் மாட்டுக்குப் பேர் வைக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் முன்பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருந்த சாரங்கபாணி திரும்பிப் பார்த்தார். பகை இல்லை அந்தப் பார்வையில். பகை இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம். அவர் காலை மடக்கி வழிவிட்டு, மெய்யாகவே மனமிரங்கிச் சொன்னார்:

"பாத்து வா வீரையா. மெதுவா வா."

அவ்வளவுதான். முதுகு வளைந்த முன்னோர் அத்தனை பேரும் அந்த மண்டபத்தில் வந்து நின்றார்கள் போலும். வீரையன் தடியை அந்தப் பெஞ்சிலேயே சாய்த்து வைத்தார். நெஞ்சு நிமிர்ந்தது. எலும்புக்குள் வைத்த கம்பி இடியென அலற, நரம்புகள் அடைக்கலம் கேட்டுக் கதற, கண்ணில் முட்டிய நீர் கன்னத்தில் இறங்க அனுமதி கிடைக்காமல் அங்கேயே வற்ற, மருந்துக்கும் ஒரு நொண்டல் இல்லாமல், மணவறைக்குப் போகும் மாப்பிள்ளை மாதிரி நடந்து போய் நீதிபதி முன் நின்றார்.

"வலி இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி.

"இல்லைங்கய்யா."

அந்தக் கால் அதுவரை சொன்ன ஒரே பொய் அதுதான், அதையும் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னது. கம்பெனி வக்கீல் கேள்வியே கேட்கவில்லை. நீதிபதி எதையோ எழுதினார். கண்ணுசாமி கேஸ் கட்டை மூடிவைத்தார். எனக்கும் வீரையனைத் திட்டத்தான் வாய் வருகிறது. மாடு போயிற்றே என்று வயிறு எரிகிறது. ஆனாலும் அந்த நடையை நேரில் பார்த்திருந்தால் நான் எழுந்து நின்றிருப்பேன். முன்பெஞ்சில் சாரங்கபாணி எழுந்துதான் நின்றார், ஏன் என்று அவருக்கே தெரியாது.

"குடி கெட்டுச்சு," என்று சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி காத்தாயி முன்னே போய்விட்டாள். சாரங்கபாணியின் கார் கோர்ட்டு வாசலைத் தாண்டித் திருப்பத்தில் மறையும் வரை வீரையன் அதே மிடுக்கோடு நடந்து, எதிரே காத்தாயி நின்றிருந்த பஸ் நிறுத்தத்தை அடைந்தார். பஸ் வந்தது. படிக்கட்டு உயரமாக இருந்தது. வலக்கால் அதன்மேல் ஏறவில்லை. இடக்கை கம்பியைப் பிடித்தது, வலக்கை ஊன்றுவதற்குக் காற்றில் துழாவியது.

"தடி எங்கங்க?" என்றாள் காத்தாயி.

வீரையன் கோர்ட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பஸ் போனதும், காத்தாயி தடியை எடுத்து வரக் கோர்ட்டுக்குத் திரும்பிப் போனாள்.