பொரிக்காத அப்பளமும் இஞ்ச் டேப்பும்

மனித குலத்தைச் சாதி, மதம், மொழி என்று எதை வைத்தும் பிரிக்காத ஒரே மனிதரை நான் மேற்குத் தாம்பரத்தில்தான் பார்த்தேன். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகையினர்: வீட்டில் நாலுக்கு மூன்று டிவி வைத்திருப்பவர்கள், பதினாறுக்கு ஒன்பது டிவி வைத்திருப்பவர்கள். முன்னது ஏறத்தாழச் சதுரமான பழைய டிவி. பின்னது, இரண்டாயிரத்து எட்டு வாக்கில் எல்லோரும் வாங்கத் தொடங்கியிருந்த அகல டிவி. அறிமுகமாகும் யாரிடமும் அவர் ஊர், வேலை விசாரிக்க மாட்டார். "உங்க வீட்ல எது சார்?" என்பார்.

கழுத்தில் எந்நேரமும் தையல்காரரின் டேப் ஒன்று தொங்கும். அதனால் தெருவுக்கே அவர் 'இஞ்ச் டேப்'. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி டிஸ்க்கில் பதிவு செய்வதும், பழைய கேசட்டுகளை டிஸ்க்குக்கு மாற்றுவதும் தொழில். அவர் கடைக்கு மேல் மாடியில் நான் குடியிருந்தேன்.

ஒருநாள் ஒரு பெண்மணி மேஜைமேல் ஜாக்கெட் துணியை வைத்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். கை மட்டும் கொஞ்சம் லூசா இருக்கட்டும்" என்றார்.

இவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க வீட்டு டிவி எத்தனை இஞ்ச்மா?" என்றார்.

"டிவிக்கு இல்ல சார், எனக்கு."

முனைக்கடை நாயர் புது அகல டிவி வாங்கி மாட்டியபோது, தெருவே கிரிக்கெட் பார்க்கக் கூடியது. இஞ்ச் டேப் டீயைக் கீழே வைத்தார். "நாயரே, பந்து முட்டை மாதிரி ஓடுது, கவனிச்சியா?" நாயர், "ஸ்கோர் சரியா வருதில்ல? டீயைக் குடி" என்றார். இவர் பெஞ்சின்மேல் ஏறி டிவியின் பொத்தானை அழுத்த, படம் ஒடுங்கி இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. அந்த நொடியில் நம் ஆள் ஒருவர் அவுட். அதன்பின் மூன்று மாதம் அவருக்கு அங்கே டீ கிடையாது.

கேசட்டை எடுத்துவந்து, "ஃபுல் ஹெச்.டி.யா மாத்திக் குடுங்க" என்பவர்களிடம் மட்டும் பொறுமையாகப் பேசுவார். "கேசட்ல படத்துக்கு இருக்கிறதே எரநூத்தி நாப்பது கோடு. சாம்பார்ல தண்ணி ஊத்தினா சாம்பார்தான் கூடும். பருப்பு கூடுமா?"

அவருடைய உச்சக்கட்ட ஏற்பாடு அப்பளம். அவர் தரும் ஒவ்வொரு டிஸ்க்கிலும், வழக்கமாகத் தொடக்கத்தில் வரும் பிள்ளையார் படத்துக்கு முன்னால், ஐந்து விநாடி, பொரிக்காத அப்பளம் ஒன்று வரும். அது வட்டமாகத் தெரிந்தால் டிவி சரியாக இருக்கிறது; முட்டையாகத் தெரிந்தால் ரிமோட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இதை அவர் யாருக்கும் விளக்கியதில்லை. ஒரு நாள் அஸ்தினாபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். "பந்தியில அப்பளம் பத்தலைன்னு ஒரு வார்த்தை சொன்னோம். அதுக்குப் பொண்ணு வீட்ல உங்ககிட்ட சொல்லி இப்படிக் குத்திக் காட்டுறாங்களா?" சமாதானப் பேச்சின் முடிவில் பிள்ளையார் முன்னால் போனார். அப்பளம் இரண்டாம் இடத்தில் நீடித்தது.

இப்படி இருந்த கடைக்கு ஒரு நாள் குமார் வந்தான். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. தீபாவளிக்கு முப்பத்திரண்டு இஞ்ச் அகல டிவி வாங்கியிருந்தான். கையில் அவன் சித்தப்பாவின் கல்யாணக் கேசட். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவன் அப்பா, அந்தக் கல்யாணம் முடிந்த சில மாதங்களில் காய்ச்சலில் இறந்துபோனவர். வீட்டில் இருந்த ஒரே போட்டோவும் மழையில் நனைந்து வெளுத்துவிட்டது. அந்தக் கேசட்டில் மட்டும் மூன்று நிமிடம் அவர் நடமாடுகிறார்.

"ஸ்க்ரீன் ஃபுல்லா வரணும்ணா. ரெண்டு பக்கமும் கறுப்பா வுட்டா எங்கம்மா டிவி பூட்ச்சுன்னு நெனச்சுக்கும்."

"ஃபுல்லா வர ரெண்டே வழிதான் தம்பி. பக்கவாட்டுல இழுத்தா உங்கப்பா மூணுல ஒரு பங்கு குண்டாயிடுவாரு. இழுக்காம மேலயும் கீழயும் வெட்டினா..." இஞ்ச் டேப் படத்தை நிறுத்திக் காட்டினார். மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்ற நெட்டை மனிதரின் தலை திரையின் மேல்விளிம்பைத் தொட்டது. "தலை போயிடும். எது வேணும்?"

குமார் கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டான்.

பத்து நாள் கழித்து அவன் அம்மா மரகதம் மீன்கூடையோடு வந்து நின்றார். சேலையூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். வந்த வேகத்தில் மேஜைமேல் அந்த வேறு கடைக்காரன் போட்டுக்கொடுத்த டிஸ்க் விழுந்தது.

"எம் புருசனைக் கேட்டா எவனையோ குட்துக்கீறானுங்க சார். மூங்கில் மாரி இருப்பாரு அந்தாளு. எம் பொண்ணு இன்னா கேக்குது தெரியுமா? 'அப்பா ஏம்மா இவ்ளோ குண்டு?'ன்னு கேக்குது."

பெண் செல்விக்கு ஒன்பது வயது. அப்பா போனபோது ஒரு வயது. டிவி எந்த ஆளைக் காட்டுகிறதோ, அவள் மனதில் அந்த ஆள்தான் அப்பாவாக உட்காரப் போகிறார்.

இஞ்ச் டேப் பட்டப்பகலில் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு என் பைக்கின் பின்னால் ஏறினார்.

மாடம்பாக்கத்தில் மரகதத்தின் வீட்டில் குமார் இருந்தான். "டிவில எல்லாருமே கொஞ்சம் பூசினாப்லதான்ணா தெரிவாங்க" என்று முதலிலேயே தடுப்பாட்டம் ஆடினான்.

"அவர் சட்டை ஏதாச்சும் வச்சிருக்கியாம்மா?" என்றார் இஞ்ச் டேப்.

மரகதம் டிரங்குப் பெட்டியிலிருந்து நீலக்கோடு போட்ட சட்டை ஒன்றை எடுத்துவந்தார். வீடியோவில் அவர் போட்டிருந்த அதே சட்டை. அதைத் தரையில் விரித்து இஞ்ச் டேப் அளந்தார். தோளுக்குத் தோள் பதினாறு இஞ்ச், நீளம் இருபத்தெட்டு. பிறகு டிஸ்க்கைப் போட்டு, அவர் நிற்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு டேப்பைத் திரைமேல் வைத்தார்.

"பதினாறுக்கு இருபத்தெட்டுன்னா, நீளம் ஏழு இருக்கிற எடத்துல தோள் நாலு வரணும். இங்க அஞ்சுக்கு மேல வருது. தம்பி, இதுல நிக்கிறவர் இந்தச் சட்டைக்குள்ள நுழையவே முடியாது."

ரிமோட்டை வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினார். படம் ஒடுங்கியது. மறுபடி அளந்தார். நீளம் ஏழு. தோள் நாலு. அந்த டேப் துணியை அளந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

செல்வி திரைக்குப் பக்கத்தில் போய்த் தன் கையைப் படத்திலிருந்த கையோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். "அப்போ நானும் அப்பா மாரிதான் ஒல்லி" என்றாள்.

"ரெண்டு பக்கமும் கறுப்பா கீதேம்மா..." என்று இழுத்தான் குமார்.

"இருந்துட்டுப் போவுதுடா. நடுவுல உங்கப்பன் கீறாரில்ல?"

திரும்பி வரும்போது இஞ்ச் டேப் ஒன்றே ஒன்று சொன்னார். "அந்தக் கடைக்காரன் ஒரு அப்பளம் போட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது சார்."

இரண்டு வருடம் கழித்து என் கல்யாண வீடியோவையும் அவர்தான் செய்து கொடுத்தார். எப்போதாவது போட்டுப் பார்க்கும்போது சடங்குகளையும் வரவேற்பு வரிசையையும் சரசரவென்று ஓட்டிவிடுகிறோம். அந்த ஐந்து விநாடி அப்பளத்தை மட்டும் நான் ஓட்டுவதில்லை.